மீதி பூஜ்யம்

1964 ஜனவரி 19, ஞாயிறு

காலைப் பத்திரிகையில் நான்காம் பக்கம், பருத்தி விலைக்குக் கீழே பத்து வரிச் செய்தி. நம் ஊர்க் கல்லூரியின் கணிதத் துறைத் தலைவர் பேராசிரியர் குற்றாலநாதன், பதினோரு இலக்கம் கொண்ட பகா எண் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாராம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். புதிய கணிதக் கட்டடத்தின் முகப்பில் அதைக் கல்லில் வெட்டி மார்ச் 15 அன்று திறக்கிறார்களாம். ‘குற்றாலநாதன் எண்’ என்று பெயராம்.

71171308081.

ஏழாயிரத்து நூற்றுப் பதினேழு கோடியே பதின்மூன்று லட்சத்து எட்டாயிரத்து எண்பத்தொன்று. இந்த எண் எனக்குப் பத்திரிகை பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தது. எழுதியவர் என் கணவர் சிதம்பரதாணு. அதே துறையில் ஒன்பது வருஷம் டியூட்டராக இருந்தவர். 1960 ஆகஸ்டில் காமாலையில் போய்விட்டார். வயது முப்பத்து நான்கு.

பத்து வரியையும் மூன்று முறை படித்தேன். அவர் பெயர் இல்லை.

இன்று முதல் இந்த நோட்டில் குற்றாலநாதனுக்கு மரியாதை விகுதி கிடையாது. வந்தான், போனான் என்றுதான் எழுதுவேன். நான் கணக்கு எடுக்கும் பள்ளிக்கூடத்தில் வாய்க்குப் பூட்டு. நோட்டுக்கு எதற்கு?

ஜனவரி 21, செவ்வாய்

பள்ளி விட்டதும் ஹைகிரவுண்டில் இருக்கும் குற்றாலநாதன் வீட்டுக்கு நடந்தே போனேன். வீட்டு வாசலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

“வா இசக்கி. பேப்பர் பாத்தியா?”

“பாத்தேன் சார். அதுக்குத்தான் வந்தேன். அவுக பேரு விட்டுப்போயிருக்கு.”

“எவுக பேரு?”

அவனே சிரித்துக்கொண்டான். “தாணுவைச் சொல்லுதியா? நல்ல பையன்தாம்மா. நான் சொன்ன எண்ணை எல்லாம் கணக்கு மிஷின்ல போட்டுக் கைப்பிடியைச் சுத்துனான். ராட்டினம் சுத்துனவன் எல்லாம் நெசவாளி ஆயிர முடியுமா?”

“அவுக கணக்குப் போட்ட அந்த நாலு நோட்டையும் குடுத்திருங்க சார். நான் பாத்துட்டுத் தந்திருதேன்.”

“அது டிபார்ட்மெண்ட் சொத்தாக்கும். உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி? வேலை நல்லாப் போகுதுல்லா? கமிட்டியில உன்னப் பத்தி நல்லாத்தான் சொல்லுதாவ.” நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியின் கமிட்டிக்கு அவன்தான் தலைவன். “நானும் நல்லாத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

காப்பி கொடுத்தார்கள். தொடாமல் எழுந்து வந்தேன்.

அது பொய். குடித்தேன். வெயிலில் நடந்து போயிருந்தேன்.

அவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன்தான் நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனான். அவர் நினைவாகப் புத்தகம் போடுகிறேன் என்று சொன்னான்.

ஜனவரி 22, புதன்

அவரிடம் இருந்தது ஒரு சோதனை. இரண்டை எடுத்து, அந்தப் பெரிய எண்ணில் ஒன்று குறைத்தால் எவ்வளவோ அத்தனை தடவை பெருக்கி, அந்தப் பெரிய எண்ணாலேயே வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும். பகா எண் என்றால் கட்டாயம் வரும். அதற்குக் குறுக்குவழிகள் உண்டு, முழுதும் பெருக்க வேண்டாம். என்றாலும் கல்லூரியின் கைப்பிடி மிஷினில் ஒரு சோதனைக்கு அவருக்குப் பதினொரு நாள் ஆனது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என எடுக்கும் எண்ணை மாற்றி நான்கு அடிமானங்களிலும் செய்தார். நான்கிலும் மீதி ஒன்று.

ஆனால் பகா எண் அல்லாத சிலதும் இந்தச் சோதனையில் நழுவி வந்துவிடும். 341 அப்படித்தான். இரண்டை வைத்துப் பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். பார்த்தால் பதினொன்றும் முப்பத்தொன்றும் பெருக்கியது. போலிப் பகா எண் என்று பெயர். நான்கு அடிமானங்களையும் ஒரு போலி ஏமாற்றும் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நானும் நினைக்கவில்லை. ஆனால் நினைக்க ஆசைப்படுகிறேன்.

நேரடி வழி ஒன்றுதான். ஒவ்வொரு பகா எண்ணாக எடுத்து வகுத்துப் பார்ப்பது. இரண்டு லட்சத்து அறுபத்தாறாயிரம் வரை போக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து வகுத்தால் ஆறு வருஷத்துக்கு மேல். இருக்கட்டும். அவன் கல்லில் எழுதட்டும். நான் தாளில் உடைக்கிறேன்.

இன்று காலை குழாயில் தண்ணீர் வருவதற்குள்: 7, மீதி 6. 11, மீதி 5. 13, மீதி 3.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம். மிட்டாய். 211 வரை. ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு. அறுபத்திரண்டு தாள். கூட்டு வட்டிக் கணக்கில் பாதிப் பேர் கோட்டை விட்டிருக்கிறார்கள். தாளைத் திருத்திக்கொண்டே இடையிடையே வகுத்தேன். ஒரு பெண்ணின் தாள் ஓரத்தில் 743-ஆல் வகுத்து வைத்திருந்தேன். அழித்துவிட்டுப் பாவம் அவளுக்கு இரண்டு மதிப்பெண் கூடப் போட்டேன்.

பக்கத்து நாற்காலி ரூபவதி டீச்சர் கேட்டாள். அறிவியல் எடுக்கிறவள். “என்ன டீச்சர், நானும் ரெண்டு வாரமாப் பாக்கேன். யாரை வகுத்துக்கிட்டே இருக்கிய?”

“ஒருத்தனை” என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

1193 வரை. மீதி, மீதி, மீதி.

ஒன்று எழுத வேண்டும். அந்த எண்ணை எனக்குப் பிடிக்காது. அவர் சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். குழம்பில் உப்பு இல்லை என்பதுகூடத் தெரியாது. ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை இரண்டு பூச்சாக அடிக்கச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “மனசில இருக்குல்லா” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்குத்தான் எரிச்சல் வந்தது.

கடைசி மாதம் காமாலை முற்றியபோதும் நோட்டைக் கேட்டார். ஒரு நாள், “இசக்கி, இங்க வாயேன், ஒரு விஷயம் சொல்லுதேன்” என்று கூப்பிட்டார். அடுப்பில் கஞ்சி பொங்கிக்கொண்டிருந்தது. எண்ணைப் பற்றி என்றால் அப்புறம் சொல்லுங்கள் என்றேன். எண்ணைப் பற்றித்தான் போலிருக்கிறது. அப்புறம் சொல்லவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தலைமையாசிரியை கிரேஸ் அம்மா அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“இசக்கி, குற்றாலநாதன் சார் வந்துட்டுப் போனாவ. நீ ஏதோ நோட்டு கேட்டியாமே? நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்த நோட்டைத் திருப்பிக் கேட்டா என்ன அர்த்தம்னு கேக்காவ. உன் வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் குடுத்ததும் அவுகதான். அன்னைக்கே நோட்டு, அன்னைக்கே கடிதம். எனக்கு இதெல்லாம் இப்பத்தான் தெரியும். எதுக்கும் கவனமா இரும்மா.”

சரி அம்மா என்றேன்.

ஜனவரி 21-ம் தேதியில் அவன் எடுத்துக்கொண்டு போனான் என்று எழுதியிருக்கிறேன். திருத்துகிறேன். நோட்டுகளைத் துணிப்பையில் போட்டு, பஸ் ஏறிப் போய் அவன் மேஜைமேல் வைத்தவள் நான். ‘என் கணவரின் கணக்கு நோட்டுகள் நான்கையும் மனமுவந்து கொடுக்கிறேன்’ என்று அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் சிபாரிசுக் கடிதத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். ஒரே பேனா. எனக்கு அப்போது வேலை இல்லை. வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இங்கே எழுத வந்தேன். எழுதவில்லை.

1613 வரை.

பிப்ரவரி 21, வெள்ளி

தண்ணீர் இல்லை. 1879 வரை.

பிப்ரவரி 27, வியாழன்

காலை ஆறேகால். பாலை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 2267, மீதி. 2269, மீதி. 2273, மீதி. அடுத்து 2281.

வகுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் 2281 நின்றது. 2281-இலிருந்து 2281 போனால் பூஜ்யம்.

எங்கேயோ தப்பு என்று மேலிருந்து மறுபடி போட்டேன். பூஜ்யம். திருப்பிப் பெருக்கிப் பார்த்தேன். 31201801-ஐ 2281-ஆல் பெருக்கினால் 71171308081. ஓர் இலக்கமும் பிசகவில்லை.

பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் சிரித்தேன். தனியாக இருக்கும் வீட்டில் தன் சிரிப்பைத் தானே கேட்பது நன்றாக இல்லை. ஆனாலும் சிரித்தேன்.

முந்நூற்று முப்பத்தொன்பதாவது பகா எண். முப்பத்தேழு நாள். ஆறு வருஷம் என்று கணக்குப் போட்டவளுக்கு முப்பத்தேழே நாள்.

மதியம் ரூபவதியிடம் தாளைக் கொடுத்தேன். மூன்று முறை பெருக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “சரியாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இது உங்க வீட்டுக்காரவுக எண்ணுன்னுல்லா சொன்னிய?”

“இப்ப அது அவன் எண்ணு.”

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த 31201801 மேலும் உடைகிறதா என்று பார்க்கவில்லை. எதற்கு? ஒருவன் விழுந்தால் போதும். எத்தனை துண்டாக விழுந்தான் என்று யார் எண்ணுவார்கள்?

பிப்ரவரி 29, சனி

ரூபவதி வீட்டுக்கு வந்தாள். சீம்பால் கொண்டு வந்திருந்தாள். போகும்போது, “ஒரு கடுதாசி எழுதிப் போட்டிருங்களேன் டீச்சர். கல்லு வெட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சா நிறுத்திக்கிடுவாவல்லா” என்றாள்.

“வெட்டட்டும்” என்றேன்.

மார்ச் 5, வியாழன்

வண்ணார்பேட்டை ரோட்டில் கல் பட்டறை. அந்த வழியாக எனக்கு வேலை ஒன்றும் கிடையாது. போனேன்.

கருங்கல் பலகை ஆறடி நீளம். ‘குற்றாலநாதன் எண்’ என்பது வெட்டியாகிவிட்டது. கீழே எண் சுண்ணாம்பால் எழுதி வெட்டத் தயாராக இருந்தது. கொத்தனார் மாடசாமி பீடியை அணைத்துவிட்டு எழுந்தார்.

“இது என்ன நம்பரும்மா? டெலிபோனா? எங்க கேட்டாலும் ஆரும் சொல்ல மாட்டேங்காவ.”

நான் கல்லைப் பார்த்தேன். 71171308801 என்று இருந்தது. கடைசியில் 081-க்குப் பதில் 801.

அப்படியே வந்திருக்கலாம். வந்திருந்தால் ஊரே சிரிக்கும். ஆனால் அது எழுத்துப் பிழை. கொத்தன் தப்பு என்று சொல்லி வேறு கல் வைத்துவிடுவான். கல்லில் இருப்பது அவனுடைய எண்ணாகவே, முழுசாக, அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும்.

“கடைசி மூணு எழுத்தை மாத்துங்க. பூஜ்யம், எட்டு, ஒண்ணு” என்றேன்.

கல்லூரிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். “ஆத்தாடி! ஆமா. நல்லவேளை தாயி. இல்லன்னா எங்கூலி போச்சு. நீங்க காலேஜா?”

“தெரிஞ்சவுக.”

சுண்ணாம்பைத் துடைத்து எழுதினார். உளியை வைத்து ஏழின் மேல்கோட்டை வெட்டத் தொடங்கும் வரை நின்று பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் எனக்குத் தேன் குடித்தது போல் இருந்தது. எழுதக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

எல்லாவற்றையும் இன்றே எழுதிவிடுகிறேன்.

கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டேன். பள்ளிக்கு வந்த அழைப்பில் ரூபவதியும் நானும் எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைகள் இருபது பேரும் போனோம். திரையை விலக்கியதும் கல் பளபளவென்று இருந்தது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

மண்டபத்தில் முதல்வர் பேசினார். குற்றாலநாதன் பேசினான். எட்டு வருஷ உழைப்பாம். நான்கு அடிமானங்களிலும் எண் தேறியதாம். தூக்கத்தைத் தொலைத்தானாம். தலைமை விருந்தினர் சென்னையிலிருந்து வந்த கணித அறிஞர் டாக்டர் ஆராவமுதன். ஒல்லியான மனிதர், காதில் கருவி. எண்களைப் பற்றி அரைமணி நேரம் எளிதாகப் பேசிவிட்டு, “யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?” என்றார்.

எழுந்தேன். “ஐயா, கேள்வி இல்ல. கரும்பலகையில ஒரு பெருக்கல் போடணும்.”

“இப்ப அதுக்கு நேரமில்லம்மா. உக்காரு” என்றான் குற்றாலநாதன்.

“போடட்டுமே சார். பெருக்கல்தானே” என்றார் ஆராவமுதன்.

மேடையேறி 31201801 என்று எழுதி, கீழே 2281 என்று எழுதிக் கோடு போட்டேன். ஒன்றால் பெருக்கினேன். எண்பதால், இருநூறால், இரண்டாயிரத்தால். நான்கு வரிசை. வகுப்பில் செய்வது போலவே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கூட்டினேன். பின் வரிசையிலிருந்து என் பிள்ளைகளும் பழக்கத்தில் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். “ஒண்ணு. எட்டு. பூஜ்யம். எட்டு…” பாதியில் சிலருக்குப் புரிந்துவிட்டது. ஜன்னல் வழியே கல்லை எட்டிப் பார்த்தார்கள். கடைசி ஏழை எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

“பகா எண்ணுன்னு வெட்டியிருக்காவ. ரெண்டாயிரத்து இருநூத்தி எம்பத்தொண்ணால மீதியில்லாமப் போகுது” என்றேன்.

ஆராவமுதன் எழுந்து வந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். “சரியாத்தானே இருக்கு” என்று தமக்குள் சொன்னார். காதில் கருவி வைத்திருப்பவரின் முணுமுணுப்பு கடைசி வரிசை வரை கேட்டது.

குற்றாலநாதனின் முகம் வெளுத்திருந்தது. மைக்கைப் பிடித்தான். நான் எதிர்பாராதது அப்புறம்தான் நடந்தது.

“சபையில ஒரு உண்மையைச் சொல்லிருதேன். இந்த எண்ணைக் கண்டது நானில்ல. எங்கிட்ட டியூட்டரா இருந்த சிதம்பரதாணு. இந்த அம்மாவோட புருஷன். கணக்கு அத்தனையும் அவன் போட்டது. செத்துப்போன பிள்ளை, அவன் உழைப்பு வீணாகக் கூடாதேன்னு நான் வெளியிட்டேன். தப்பு அவனோடது. அவனை நம்புனது ஒண்ணுதான் என் தப்பு.”

மூன்றரை வருஷமாக அந்தப் பெயரை அவன் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தேன். வந்தது. சேற்றில் போட்டு வந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் உண்மை. ஆனால் அந்த உண்மையில் அவன் தப்பித்துப் போகிறான். அவர் தலையில் மிதித்து ஏறிப் போகிறான்.

“இல்லய்யா” என்றேன். “கல்லுல வேற பேருல்லா வெட்டியிருக்கு? பேப்பர்லயும் வேற பேருதான் வந்துது. எங்க வீட்டுக்காரவுக மிஷினைச் சுத்துனவுக. ராட்டினம் சுத்துனவன் நெசவாளி ஆயிர முடியுமான்னு சார்தான் எங்கிட்டச் சொன்னாவ. இந்த எண்ணு சாரோடது. முழுக்க முழுக்கச் சாரோடது.”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள்.

மார்ச் 16, திங்கள்

நன்றாகத் தூங்கினேன். விடிந்தபின் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். பள்ளியில் யாரும் நேரே பேசவில்லை. கிரேஸ் அம்மா மட்டும் கடந்து போகும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 20, வெள்ளி

கல்மேல் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்களாம். அவன் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டானாம். ரூபவதி சொன்னாள். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

காலையில் எழுந்து தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். வகுக்க ஒன்றும் இல்லை என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

சென்னையிலிருந்து ஆராவமுதன் கடிதம். நான்கு பக்கம். முக்கியமானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

‘அம்மையீர், தங்கள் பெருக்கல் என்னைத் தூங்கவிடவில்லை. நான்கு அடிமானங்களில் தேறிய எண் எப்படி உடைந்தது? எங்கள் கணிப்பொறியில் மேற்கொண்டு வகுத்தேன். 31201801 என்பது 4561-ம் 6841-ம் பெருக்கியது. ஆக, எண்ணுக்கு மூன்று காரணிகள்: 2281, 4561, 6841. ஒவ்வொன்றிலும் ஒன்று குறையுங்கள். 2280, 4560, 6840. ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு! இந்த மூன்றும், பெரிய எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மீதியின்றி வகுக்கின்றன. இதனால், இந்தக் காரணிகளால் வகுபடாத எந்த அடிமானத்தை வைத்துச் சோதித்தாலும் மீதி ஒன்றே வரும். ஆயுள் முழுக்கச் சோதித்தாலும் பிடிபடாது.

‘இது சாதாரணப் போலி அல்ல. போலிகளில் அரிதான வகை. இந்த அளவுள்ள எண்களில் பகா எண் ஏறக்குறைய இருபத்தைந்துக்கு ஒன்று கிடைத்துவிடும். இத்தகையது என் கணிப்பில் கோடிக்கு ஒன்றுகூடத் தேறாது. இதைக் கையால் கண்டவர் பகா எண்ணைக் கண்டவரைவிடப் பெரியவர். எங்கள் கணிதச் சங்க இதழில் குறிப்பு வெளியிட விரும்புகிறேன். கண்டவர் யார்? மேடையில் இரண்டு விதமாகக் கேட்டேன். குற்றாலநாதன் அவர்களுடையது என்று தாங்கள் உறுதியாகச் சொன்னீர்கள். சான்றுடன் தெரிவிக்கவும்.’

தாளை எடுத்து 4561-ஐ 6841-ஆல் பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது.

அவர் கணக்கில் தப்பே இல்லை. ஒரு மீதிகூடப் பிசகவில்லை. நான் சபையில் நின்று, அவருடைய எண்ணைப் பிடுங்கி அவன் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டாவது முறை.

ஏப்ரல் 3, வெள்ளி

சான்று அந்த நான்கு நோட்டுகள். போய்த்தான் ஆக வேண்டும். போனேன்.

குற்றாலநாதன் உள் அறையில் கட்டிலில் இருந்தான். மூன்று வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது. சவரம் செய்யவில்லை. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. இரக்கமும் வரவில்லை.

“இன்னும் என்ன வேணும் உனக்கு?” என்றான்.

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தான். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டான். உதடு அசைந்தது.

“இந்த மூணு எண்ணும்…” என்றான். “நாலாவது நோட்டுல கடைசிப் பக்கத்துல இருந்துது. கட்டம் கட்டி வச்சிருந்தான். கீழ ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ன்னு எழுதியிருந்தான். காமாலைக் கிறுக்குல என்னமோ எழுதியிருக்கான்னு நெனச்சேன்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடைந்ததும் தெரியும், எப்படி உடைந்தது என்பதும் தெரியும். கஞ்சி பொங்கிய அன்று என்னைக் கூப்பிட்டது அதைச் சொல்லத்தான்.

“அந்த நோட்டைக் குடுங்க சார். கால்ல விழுதேன்.”

“எரிச்சாச்சு.”

“எப்ப?”

“பதினஞ்சாம் தேதி. வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் அடுப்புல வச்சேன். நாலையும்.” என் முகத்தை நேராகப் பார்த்தான். “ஏன் அப்படிப் பாக்க? முழுக்க முழுக்க என்னுதுன்னு சபையில சொன்னது ஆரு? என்னுதைத்தானே எரிச்சேன்.”

பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்து அவன் முன்னால் நீட்டினேன்.

“நீங்க பாத்ததை எழுதிக் குடுங்க. கடைசிப் பக்கத்துல இருந்துதுன்னு ஒரு வரி.”

அவன் கடிதத்தை மடித்தான். மடிக்கும்போதே அவன் கண்ணில் பழைய குற்றாலநாதன் திரும்பி வந்ததைப் பார்த்தேன். “அபூர்வமான எண்ணுன்னு எழுதியிருக்காரு. கண்டவன் பெரியவன்னும் எழுதியிருக்காரு. அது என்னுதுன்னு சாட்சி சொன்னவ நீ. ஆராவமுதனுக்கு நானே எழுதிக்கிடுதேன். நீ போ.”

ஏப்ரல் 4, சனி

முதல் தபாலில் சேர வேண்டும் என்று விடியற்காலையிலேயே எழுதி முடித்து, ஜங்ஷனில் ரயில் தபால் ஆபீஸான ஆர்.எம்.எஸ்.ஸில் கொண்டு போய்ப் போட்டேன். அவனுக்கு முன்னால்.

எல்லாவற்றையும் எழுதினேன். நோட்டைக் கொடுத்தது, கையெழுத்து, சிபாரிசுக் கடிதம், மேடையில் சொன்ன பொய். ஏன் சொன்னேன் என்பதையும் எழுதினேன். பழிக்காக என்று. கடைசியில் அவர் கேட்டபடி:

‘கண்டவர்: சிதம்பரதாணு. எழுத்துச் சான்று: இல்லை, எரிந்துவிட்டது. சாட்சி: அந்த நோட்டுகளைக் கொடுத்து வேலை வாங்கிக்கொண்ட அவர் மனைவி. அவள் ஒரு முறை பொய் சொன்னவள். தாங்கள் நம்பாமல் போகலாம். ஒரு விண்ணப்பம் மட்டும். பேராசிரியரிடம் அந்த எண்ணை எப்படிக் கண்டார் என்று கேளுங்கள்.’

நகல் ஒன்றைக் கிரேஸ் அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “இதை நான் கமிட்டியில வச்சுத்தான் ஆகணும் இசக்கி” என்றார். கண் கலங்கியிருந்தது. வையுங்கள் என்றேன்.

ஏப்ரல் 18, சனி

கமிட்டிக் கடிதம். ஜூனிலிருந்து வேலை இல்லை. குற்றாலநாதன் கையெழுத்து. அழகான கையெழுத்து.

ஜூன் 11, வியாழன்

ஜங்ஷனில் ஒரு டுடோரியலில் சேர்ந்திருக்கிறேன். தகரக் கூரை. தோற்ற பிள்ளைகள் அறுபது பேர். ரூபவதி பஸ் பிடித்து இங்கே வந்து சங்க இதழைக் கொடுத்துவிட்டுப் போனாள். இருபத்தேழாம் பக்கம்.

‘71171308081 என்னும் எண்ணைப் பற்றி’ என்று ஒன்றரைப் பக்கம். வகை, காரணிகள், 2280, 4560, 6840 எல்லாம் விளக்கமாக. பிறகு: ‘இதனைக் கண்டவர் காலஞ்சென்ற சிதம்பரதாணு (1926–1960). வேறொருவரும் உரிமை கோரினார். இந்த எண்ணை எவ்வழியில் அடைந்தார் என்று கேட்டு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் அவரால் விடையளிக்க இயலவில்லை.’

எந்த வேறொருவர் என்று போடவில்லை. நாகரிகமான மனிதர்.

மதிய வகுப்பில் வர்க்கமூலம் எடுத்தேன். இரண்டு முறை தப்பாகப் போட்டேன். பிள்ளைகள் திருத்தினார்கள்.

ஜூன் 13, சனி

இதழின் இன்னொரு பிரதி வரவழைத்து, இருபத்தேழாம் பக்கத்தில் ஓர் அட்டையைச் செருகி, உறையில் போட்டு, ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் ஹைகிரவுண்டுக்கு அனுப்பினேன். கடிதம் எதுவும் வைக்கவில்லை.

அது தேவையா என்று ரூபவதி கேட்டாள். தேவை என்றேன்.

ஜூன் 17, புதன்

தபால்காரர் ஒப்புதல் அட்டையைக் கொண்டு வந்தார். பெறுநர் கையெழுத்து என்ற இடத்தில் குற்றாலநாதன் என்று இருக்கிறது. எழுத்து கோணலாக, ‘ன்’ கட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது.

வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.